கோட்டை வாசலின் இரண்டு விலைகள்

ஓர் இசைவிழா வளர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கூடிய கூட்டம், மேடையேறிய நாடுகளின் எண்ணிக்கை, வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த படங்கள் ஆகியவைதான் வழக்கமான அளவுகோல்கள். ஆப்பிரிக்க இசைக்காக நடக்கும் விழாக்களை இவற்றால் அளந்தால் விடை பெரும்பாலும் தவறாகவே வரும். அவற்றுள் மிகப் பிரம்மாண்டமாக நடந்தது அந்த அளவில் மீண்டும் நடக்கவில்லை. உலகப் புகழ்பெற்ற ஒன்று, புகழின் உச்சியில் இருந்தபோதே நின்றுபோனது. இருபது ஆண்டுகளைத் தாண்டி இன்றும் நடப்பவற்றுள் குறிப்பிடத்தக்கது, நடுத்தர அளவில், நன்கொடையாளர்களைத் தேடி அலைந்தபடியே காலம் தள்ளிவரும் ஒரு விழா. தான்சானியாவின் சான்சிபார் தீவில் பிப்ரவரியில் நடக்கும் 'சவுட்டி ஸா புசாரா'தான் அது. அதன் வளர்ச்சியை நுழைவுச்சீட்டின் விலையில் தேட வேண்டும் என்பதே என் வாதம். உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைப்போல் பல மடங்கு. இந்த ஏற்பாடுதான் விழாவுக்கு உயிர் கொடுத்தது. சொந்த வருமானத்தில் நிற்க முடியாமல் செய்ததும் இதுதான். இந்தச் சார்பை நான் குறையாகக் கருதவில்லை. யாரைச் சார்ந்து நிற்கிறது என்பதில்தான் குறை இருக்கிறது.

முன்கதை கொஞ்சம் தேவைப்படுகிறது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்காவின் முதல் பெருவிழாக்களை அரசுகளே நடத்தின. 1966 ஏப்ரலில் செனகல் அதிபரும் கவிஞருமான செங்கோர், டக்காரில் கறுப்பினக் கலைகளின் முதல் உலகவிழாவைக் கூட்டினார். ஜாஸ் இசைஞர் ட்யூக் எல்லிங்டன் அமெரிக்காவிலிருந்து வந்து வாசித்தார். 1969 ஜூலையில் அல்ஜியர்ஸில் அனைத்து ஆப்பிரிக்கப் பண்பாட்டு விழா நடந்தது. தென்னாப்பிரிக்காவின் மிரியம் மகேபாவும் அமெரிக்காவின் நினா சிமோனும் அங்கே பாடினார்கள். அமெரிக்க ஜாஸ் இசைஞர் ஆர்ச்சி ஷெப் சகாரா பாலைவனத்து துவாரெக் இசைஞர்களோடு சேர்ந்து சாக்ஸபோன் வாசித்தார். 1977 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை லாகோஸில் நடந்த ஃபெஸ்டாக் கலைவிழா இவை எல்லாவற்றையும் மிஞ்சியது. 1973-க்குப் பின் ஏறிய எண்ணெய் விலை நைஜீரிய இராணுவ அரசின் கையில் கொட்டிய பணத்தில் தேசிய நாடக அரங்கம் எழுந்தது, பங்கேற்பாளர்கள் தங்க ஒரு புதுநகரே எழுந்தது, ஏறத்தாழ 16,000 கலைஞர்களும் பிரதிநிதிகளும் வந்திறங்கினார்கள். ஆனால் நைஜீரியாவின் ஆகப் பெரிய இசைக்கலைஞரான ஃபெலா குட்டி அந்த மேடையில் இல்லை. ஏற்பாட்டுக் குழுவிலிருந்து விலகி, தன் 'ஷ்ரைன்' அரங்கிலேயே இரவுதோறும் பாடினார். விழாவுக்கு வந்த வெளிநாட்டு இசைஞர்கள் அங்கே போய்க் கேட்டார்கள். விழா முடிந்த ஆறாம் நாள், பிப்ரவரி 18 அன்று, படைவீரர்கள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். மாடியிலிருந்து தூக்கி எறியப்பட்ட அவருடைய தாய், பெண்ணுரிமைப் போராளி ஃபுன்மிலாயோ, மறு ஆண்டு இறந்தார். கண்டத்தின் கலையைக் கொண்டாடிய அதே அரசு, தன்னைப் பகடி செய்த பாட்டுக்காரனை இப்படி நடத்தியது. பணம் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்தே மேடையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது முடிவாகிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. அந்த அளவில் இன்னொரு ஃபெஸ்டாக் லாகோஸில் நடக்கவும் இல்லை.

அரசுகள் ஓய்ந்தபின் ஐரோப்பா நுழைந்தது. 1982-இல் இங்கிலாந்தில் பல நாட்டு இசைக்கான வோமாட் விழா தொடங்கியது. 1987-இல் லண்டன் மதுக்கடை ஒன்றின் மேல்மாடியில் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், கடைகளில் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாத இசைத்தட்டுகளுக்கெல்லாம் 'உலக இசை' என்று ஒரு பொதுப்பெயரை முடிவு செய்தார்கள். 1989-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ஆப்பிரிக்க விழா தொடங்கியது. இவற்றால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. மாலி, செனகல், காங்கோ இசைஞர்கள் பலருக்கு வாழ்க்கையே இவற்றால் அமைந்தது. ஆனால் ஒரு விசித்திரமும் கூடவே நேர்ந்தது. ஆப்பிரிக்க இசையைக் கேட்கும் இடம் ஆப்பிரிக்காவுக்கு வெளியே போய்விட்டது. பமாக்கோவின் பாடகரை டார் எஸ் சலாமில் இருப்பவர் கேட்க வேண்டுமானால் ஒலிநாடாதான் வழி; பாரிஸில் இருப்பவருக்கோ நேரிலேயே கேட்கக் கிடைத்தது. கண்டத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறக்க ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்த காலம் அது. அந்த நிலை இன்றும் முற்றாக மாறிவிடவில்லை. இசைஞர் எந்த ஊரில் பாடுவார் என்பதை விசாவும் விமானக் கட்டணமும் தீர்மானித்தன.

2003-இல் சான்சிபாரில் புசாரா புரமோஷன்ஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு பதிவாகி, 2004 பிப்ரவரியில் முதல் விழா நடந்தபோது, இந்தத் திசையைத் திருப்புவதுதான் அதன் நோக்கம். இடத் தேர்வு தற்செயலானதல்ல. போர்த்துகீசியரை விரட்டியபின் ஓமானியர் கட்டிய பழைய கோட்டையின் திறந்தவெளி முற்றம் இயல்பாகவே ஓர் அரங்கம். அதைச் சூழ்ந்த ஸ்டோன் டவுன் 2000-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருந்தது. கட்டடங்களைவிடப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. வெளியிலிருந்து வந்த இசையை உள்ளே வாங்கித் தனதாக்கிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தீவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுல்தான் பர்காஷ் ஓர் இசைஞரை எகிப்துக்கு அனுப்பி, கானூன் என்னும் நரம்பிசைக் கருவியைக் கற்றுவரச் செய்தார் என்பது தாராப் இசையின் தோற்றம் பற்றித் தீவில் வழங்கும் வரலாறு. 1905-இல் தொடங்கிய இக்வானி சஃபா குழு இன்றும் இருக்கிறது. அரண்மனைக்குரிய அரபு இசையாக இருந்த தாராபை ஸ்வாஹிலி மொழியில் தெருவுக்குக் கொண்டுவந்தவர் சிட்டி பின்ட்டி சாத். அடிமைகளின் வழிவந்த ஏழைக் குடும்பத்துப் பெண். 1928-இல் அவரும் அவர் குழுவினரும் கப்பலேறி வந்து இசைத்தட்டுகள் பதிந்த ஊர் பம்பாய். கிராமபோன் கம்பெனி அவற்றை வெளியிட, கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுவதும் விற்றன. பிற்காலத்தில் இந்தி சினிமா மெட்டுகள் தாராபுக்குள் புகுந்ததும் இதே கடல்வழியில்தான். ஆக, சர்வதேசத்தன்மை என்பது இந்த ஊருக்கு 2004-இல் வெளியிலிருந்து வந்து சேர்ந்த புதுமையல்ல. ஊருக்கு அதுவரை கிடைக்காதிருந்தது, தன் கண்டத்தின் மற்றப் பகுதிகளை நேரில் கேட்கும் வாய்ப்பு.

அதை மூன்று விதிகளால் விழா சாத்தியமாக்கியது. மேடையில் ஒலிப்பது அனைத்தும் அங்கேயே வாசிக்கப்பட வேண்டும். பதிவுசெய்த பின்னணி இசைக்கு வாயசைப்பதற்கு இடமில்லை. இது முதல் விதி. தேர்வில் தான்சானியாவும் கிழக்கு ஆப்பிரிக்காவும் முன்னே நிற்கும்; பெரும் நட்சத்திரம் ஒருவருக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட அதிகம் அறியப்படாத பல குழுக்களை அழைப்பதே வழக்கம் என்பது இரண்டாவது. மூன்றாவது, விலை. தான்சானியர் கொடுப்பது வெளிநாட்டவர் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு. இந்த மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பின்னணி இசைத் தடத்தை நம்பிப் பாடிப் பழகிய இளம் பாடகர் இந்த மேடைக்கு வர ஒரு குழுவைச் சேர்த்தாக வேண்டும். கித்தாரும் டிரம்ஸும் வாசிப்பவருக்கு அதனால் வேலை உண்டாகிறது. தீவில் தாராப் கற்பிக்கும் இசைப்பள்ளி ஒன்றும் இதே காலத்தில்தான் உருவானது. அங்கே பயின்றவர்களுக்குப் பழைய திருமண வீடுகளுக்கு அப்பால் ஒரு மேடை தேவைப்பட்டது. வெவ்வேறு நாட்டு இசைஞர்களைச் சில நாள் ஒன்றாக உட்காரவைத்துப் புதுப் பாடல் உருவாக்கச் செய்யும் 'ஸ்வாஹிலி என்கவுன்டர்ஸ்' நிகழ்ச்சி இன்னொரு பக்கம். உலகச் சந்தை கண்டுகொள்வதற்கு முன்பே தன் ஊரில் மதிக்கப்பட்ட தாராப் பாடகி பி கிடுடே போன்றவர்கள் இங்கே சுற்றுலாக் காட்சிப்பொருளாகத் தோன்றவில்லை. முதுமையில் 2005-இல் உலக இசைச் சந்தையான வோமெக்ஸின் விருது பெற்று, 2013 ஏப்ரலில் மறைந்த அந்தப் பாடகி, தம் வயதை எள்ளி நகையாடுவதைப் புரிந்து சிரிக்கும் ஸ்வாஹிலி பேசுவோர் முன்னிலையில் பாடினார். அந்த முற்றத்தில் அவர்கள் இருந்ததற்கு மூன்றாவது விதியே காரணம்.

இங்கே முதல் மறுப்பு எழும். இது வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளுக்கான விழா, உள்ளூர்க்காரர் பின்னணி அலங்காரம் மட்டுமே என்பார்கள். மறுப்பில் ஆதாரம் இல்லாமலில்லை. விளம்பரங்கள் கடற்கரையைக் காட்டுகின்றன; விழா வந்தபின் பிப்ரவரியில் விடுதிகள் நிரம்புகின்றன என்று அமைப்பாளர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். 2004-இல் ஓர் இலட்சத்தை எட்டாதிருந்த தீவின் ஆண்டுப் பயணிகள் எண்ணிக்கை 2019-இல் 5,38,000-ஐத் தாண்டியது. இந்த ஏற்றத்துக்கு விழாதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பத் தேவையில்லை. விமானங்களும் இத்தாலிய உல்லாச விடுதிகளும் செய்த வேலை அது. ஆனால் பயணிகள் வருவதும் விழா அவர்களுக்கானதாக மாறுவதும் ஒன்றல்ல. ஒரே விலை வைத்திருந்தால் மாறியிருக்கும். கடற்கரை விடுதிகளில் நடப்பதைப் பாருங்கள்: உள்ளூர்க்காரர் அங்கே பணியாளராக மட்டுமே நுழைகிறார். கோட்டை வாசலில் வெளிநாட்டவர் தரும் கூடுதல் தொகை, உள்ளூர்க்காரர் பார்வையாளராக நுழைவதற்கான செலவின் ஒரு பகுதியை ஏற்கிறது. சுற்றுலாப் பணம் உள்ளூர்ப் பண்பாட்டு வாழ்க்கையை நோக்கி இத்தனை நேரடியாகத் திரும்பும் ஏற்பாடுகள் அந்தத் தீவில் அதிகமில்லை.

நிறுவனர் யூசுப் மஹ்மூத் பிரிட்டனில் பிறந்தவர் என்பதை வைத்து வேறொரு குற்றச்சாட்டு வருவதுண்டு. இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. ஒரு நிறுவனம் யாருடையது என்பதை அதன் பிறப்புச் சான்றிதழைவிட, நிறுவனர் விலகியபின் அது நடக்கிறதா என்பதே காட்டும். அவர் இயக்குநர் பொறுப்பை விட்டபின்னும் விழா நடக்கிறது.

நேரடி வாசிப்பு விதிமீது வரும் விமர்சனம் இதைவிடக் கனமானது. தான்சானிய இளைஞர்கள் இன்று கேட்பது போங்கோ ஃபிளேவா என்னும் உள்ளூர்ப் பாப் இசையும் சிங்கேலியும். டார் எஸ் சலாமின் ஏழைப் பகுதிகளில் பிறந்த சிங்கேலி, தாராபின் துணுக்குகளையே கணினியில் வேகம் கூட்டி, மூச்சுவிடாமல் சொல்லடுக்கும் இசை. கணினிதான் அதன் வாத்தியம். அதை முழுக்குழுவோடு வாசித்துக் காட்டு என்பது அந்த இசையையே மறுப்பதாகாதா? உகாண்டாவின் ஜின்ஜாவில் 2015-இல் தொடங்கிய நியேகே நியேகே விழா நேர்மாறான வழியில் போனது. சிங்கேலியை அதன் சொந்த உருவில் மேடையேற்றியது. அதனோடு தொடர்புள்ள பதிவகம் அந்த இசையை ஐரோப்பிய நடனக்கூடங்கள்வரை கொண்டுபோனது. கண்டத்தின் புதிய ஒலியைக் கண்டெடுப்பதில் நியேகே நியேகே முந்திவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் சான்சிபாரின் விதிக்கு ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது. கணினி இசைக்கு இன்று மேடைகளும் சந்தையும் தாமாகவே பெருகுகின்றன. பதினைந்து பேர் கொண்ட தாராப் குழுவுக்கோ, ஒருவர் பெறும் சம்பளத்தைப் பதினைந்தாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. சந்தை அதைத் தாங்காது. எல்லா விழாக்களும் எல்லா இசைக்கும் இடம்தர வேண்டும் என்பதில்லை. சந்தை கைவிடும் இசைக்கு இடம்தரும் விழாவுக்குப் பொதுப்பணம் கேட்கும் உரிமை கூடுதலாகவே இருக்கிறது.

பணத்துக்கு வருவோம். 2015-இல் அமைப்பாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள்: தேவையான தொகை சேரவில்லை, எனவே 2016 விழா இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் நடந்து, வெளிநாட்டு ஏடுகளில் புகழப்பட்டு, தீவின் விடுதிகளை நிரப்பிய விழா அது. 2017-இல் மீண்டு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், உலகின் பெரும்பாலான மேடைகள் இருண்டிருந்த 2021-இலும் சுருங்கிய வடிவில் நடந்தது. 2022-இல் நீண்டநாள் துணையாக இருந்த நார்வே தூதரகத்தின் உதவி முடிவுக்கு வர, விழா மூடப்படும் அபாயத்தை அமைப்பு மறுபடியும் பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு தீவில் புதுக் குடியிருப்பு நகரம் கட்டும் தனியார் திட்டம் ஒன்று முதன்மைப் புரவலராக முன்வந்தது. இந்த வரலாற்றைப் படிக்கும் சந்தைவாதி கேட்கும் கேள்வி எளிது: இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் சீட்டு விற்றுச் செலவை ஈடுகட்ட முடியாத விழாவை வளர்ச்சியடைந்தது என்று எப்படிச் சொல்வது? ஆப்பிரிக்க இசை இப்போது உலகச் சந்தையின் நடுவில் இருக்கிறதே என்றும் சேர்த்துக் கேட்பார். உண்மைதான். 2019-இல் போர்ச்சுகலின் போர்ட்டிமாவோ கடற்கரையில் தொடங்கிய ஆஃப்ரோ நேஷன் விழா, மேற்கு ஆப்பிரிக்கப் பாப் இசையான ஆஃப்ரோபீட்ஸின் நட்சத்திரங்களைக் கொண்டே பெருங்கூட்டத்தைத் திரட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் கானாவிலும் நடந்தது. 2024-இல் கிராமி விருதுகளில் ஆப்பிரிக்க இசைக்குத் தனிப்பிரிவு உருவாகி, முதல் விருது தென்னாப்பிரிக்காவின் டைலாவுக்குப் போனது.

ஆனால் ஆஃப்ரோ நேஷன் எதை விற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒலிபரப்பிலும் கைப்பேசியிலும் ஏற்கெனவே வென்றுவிட்ட பாடல்களை, அவற்றுக்காக விமானமேறி வரக்கூடியவர்களுக்கு விற்கிறது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் பக்கத்துப் பெம்பா தீவின் ஊர்க்குழு ஒன்றை, அதைக் கேள்விப்பட்டே இராத கூட்டத்தின் முன் நிறுத்தி, பாதிக்கும் மேற்பட்ட பார்வையாளர்களிடம் குறைந்த விலை வாங்கும் வேலையைச் சந்தையிடம் கொடுத்தால் முதலில் விலை ஏறும், பிறகு அந்தக் குழு பட்டியலிலிருந்து விழும். சவுட்டி ஸா புசாராவின் பற்றாக்குறை நிர்வாகத் தோல்வியால் மட்டும் வந்ததல்ல. அதன் விலைப்பட்டியலிலேயே எழுதப்பட்ட ஒன்று. உள்ளூர்ச் சீட்டின் விலையை உயர்த்தினால் கணக்கு ஓரளவு நேராகலாம். அதற்குப் பின் அந்த முற்றத்தில் நடப்பது வேறொரு நிகழ்ச்சியாக இருக்கும்.

வெளிநாட்டுப் புகழே பாதுகாப்பு என்ற எண்ணமும் ஒன்று உண்டு. அதற்கு மாலியின் பாலைவன விழாவே பதில். 2001-இல் துவாரெக் மக்களின் பழைய ஒன்றுகூடல் மரபிலிருந்து தொடங்கிய அது, 2003-இல் டிம்பக்டுவுக்கு அப்பாலுள்ள எசாக்கனே மணல்மேடுகளில் மாலி இசைஞர் அலி ஃபர்க்கா தூரேவையும் துவாரெக் இசைக்குழுவான டினாரிவெனையும் இங்கிலாந்தின் ராக் பாடகர் ராபர்ட் பிளான்டையும் ஒரே மேடையில் ஏற்றியது. அந்த ஒலிப்பதிவு உலகெங்கும் போனது. பயணிகள் கடத்தப்படும் அச்சத்தால் 2010-இல் விழா டிம்பக்டு நகரின் விளிம்புக்கு நகர்ந்தது. 2012 ஜனவரியில் அயர்லாந்தின் ராக் பாடகர் போனோகூட வந்து பாடினார். விழா முடிந்த சில நாட்களிலேயே வடக்கில் கிளர்ச்சி வெடித்தது. ஏப்ரலுக்குள் டிம்பக்டு வீழ்ந்தது. அதைப் பிடித்த ஆயுதக்குழுக்கள் இசையையே தடைசெய்தன. 2017-இல் திரும்ப நடத்தத் திட்டமிட்டும் பாதுகாப்புக் காரணத்தால் கைவிட நேர்ந்தது. போருக்கு விழாவைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அதே மாலியில், நைஜர் ஆற்றங்கரையில் செகூ நகரத்து விழா 2005-இல் தொடங்கி, அந்தக் கொந்தளிப்புகளுக்குப் பின்னும் நடந்துவருகிறது. செகூ தெற்கே இருந்தது என்பது ஒரு காரணம். ஊர் வணிகர்களும் குடும்பங்களும் தமதாக எடுத்துக்கொண்ட விழா என்பது மற்றொன்று. தொலைதூரத்திலிருந்து வருபவரை நம்பிய விழாவுக்கு வழி அடைபட்டால் எல்லாமே அடைபட்டுவிடும்.

அப்படியானால் சான்சிபாரில் பற்றாக்குறையை யார் நிரப்புவது? தூதரகங்கள் ஆண்டுக்காண்டு தம் முன்னுரிமையை மாற்றிக்கொள்ளும். மனைவணிகப் புரவலர் தன் வீடுகள் விற்றுத்தீரும்வரை இருப்பார். மிச்சமிருப்பது தீவின் அரசு. இந்தச் சொல்லைக் கேட்டதும் லாகோஸ் நினைவுக்கு வருவது இயல்பே. 2018-இல் தான்சானிய ஒழுங்குமுறை அமைப்புகள் நாட்டின் முன்னணிப் பாடகர்களின் பாடல்கள் பலவற்றை ஒலிபரப்பக் கூடாதென்று தடுத்தன. அரசுப் பணத்தில் நடக்கும் மேடையில் யார் என்ன பாடலாம் என்று அதிகாரி ஒருவர் குறிப்பெழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்யத் தேவையில்லை. இந்த அச்சத்தை ஒதுக்கித்தள்ளும் வாதம் என்னிடம் இல்லை. ஆனால் அமைச்சரின் விருப்பப்படி ஆண்டுதோறும் வழங்கப்படும் மானியம் வேறு, சட்டப்படி தானாக வந்துசேரும் பங்கு வேறு. முன்னதைக் கேட்டுப் பெற வேண்டும், பணிந்தும் போக வேண்டும். பின்னதை நிறுத்த வேண்டுமானால் அவையில் எழுந்து காரணம் சொல்ல வேண்டும்.

அதற்கான கருவி தீவில் ஏற்கெனவே இருக்கிறது. விடுதியில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் பயணியிடம் உள்கட்டமைப்பு வரி வாங்கப்படுகிறது. 2024 அக்டோபரில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 44 டாலர் கட்டாயப் பயணக் காப்பீடு வந்தது. 2023-இல் வந்தவர்கள் 6,38,000-க்கும் மேல். தலைக்கு ஒரு டாலர் என்றாலே ஆண்டுக்கு ஆறு இலட்சம் டாலரைத் தாண்டும். அத்தொகையை ஒரே விழாவுக்குக் கொடுக்கச் சொல்வதும் சரியல்ல. இசைப்பள்ளியும், நூற்றாண்டு கண்ட தாராப் குழுக்களும், ஸ்டோன் டவுனுக்கு வெளியே கிராமங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளும் வரிசையில் நிற்கின்றன. இசைஞர்களும் கணக்குத் தணிக்கையாளர்களும் பெரும்பான்மையாக உள்ள, அமைச்சர் யாரையும் நியமிக்க முடியாத ஒரு வாரியம் அதைப் பகிரட்டும். கோட்டை வாசலில் வெளிநாட்டவர் அதிகம் கொடுத்து உள்ளூர்க்காரரின் சீட்டைத் தாங்கும் அதே ஏற்பாடுதான் இது. வசூல் நடக்கும் இடம் மட்டும் கோட்டையிலிருந்து விமான நிலையத்துக்கு மாறுகிறது.